கொழும்பில் பஃபே சாப்பாடு: எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் எடை குறைக்கத் தொடங்கிய ஆறாவது கிழமையில் எங்கள் அலுவலகத்தின் டிசம்பர் விருந்து வந்தது. கடற்கரைப் பக்கத்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் இரவு பஃபே. இரவு ஒரு பிடி பிடிக்கலாம் என்று காலையும் மதியமும் வெறும் தேத்தண்ணீரோடு இருந்தேன். ஏழரைக்கு மூடிகளைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆள் நான்தான். நாலு தட்டுச் சாப்பாடு, மூன்று வகை இனிப்பு, இரண்டு கிளாஸ் சோடா. அதிகாலை மூன்று மணிக்கு நெஞ்செரிவோடு கட்டிலில் குந்தியிருந்தேன். காலையில் தராசு 2.3 கிலோ கூட்டிக் காட்டியது. "கெட்டது கெட்டுப்போச்சு, இனித் தை பிறக்கட்டும்" என்று அடுத்த மூன்று கிழமையும் கண்டபடி சாப்பிட்டேன். என்னைக் கவிழ்த்தது அந்த மூன்று கிழமைதான். நாலு தட்டை உடம்பு எப்படியோ சமாளித்திருக்கும்.

அதற்குப் பிறகு அலுவலக விருந்து, கலியாணம், பிறந்தநாள் என்று பத்துப் பன்னிரண்டு பஃபேக்குப் போய்விட்டேன். 86 கிலோவில் தொடங்கியவன் இப்போது 77இல் நிற்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்கென்று கொழும்புக்கு வந்து, எடையையும் குறைத்துக்கொண்டு, முதல் முறையாகப் பஃபே மேசைக்கு முன்னால் வெறும் தட்டோடு நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கிழமைக்கு அரைக் கிலோ குறைய வேண்டுமென்றால் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைத்துச் சாப்பிட வேண்டும். பஃபேயில் 2,000 கலோரி கூடுதலாக உள்ளே போனால் நாலு நாள் உழைப்பு அங்கேயே கரைந்துவிடும். 2,000 கலோரி என்பது பெரிய மலையும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. கொழும்புப் பஃபே மேசையில் எண்ணெய் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் காரியம் முடிந்தது.

1. நாளையும் வேளையையும் காசையும் முதலே தீர்மானியுங்கள்

தெரிவு உங்கள் கையில் இருந்தால் மதிய பஃபேயை எடுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கி மூன்று மணியோடு முடிந்துவிடும். இரவு என்றால் ஏழு மணியிலிருந்து பத்தரை வரை இழுக்கும். மூன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கையைக் கட்டிக்கொள்வது லேசான காரியமில்லை. மதியம் சாப்பிட்டால் மாலையில் நடக்கலாம், இரவில் ஒரு கோப்பை சூப்போடு நிறுத்தலாம். இரவில் சாப்பிட்டால் நேரே படுக்கைதான். ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் வேண்டவே வேண்டாம். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தாலும், பிரஞ்ச் முடித்து வந்தவர் இரவுச் சாப்பாட்டை விட்டதாக நான் அறியேன்.

ஹை டீ இன்னும் மோசம். பெயரில்தான் தேத்தண்ணீர் இருக்கிறது. மேசை முழுக்க ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், கேக் என்று பொரித்ததும் மாவும்தான். மரக்கறி என்று பார்த்தால் சாண்ட்விச்சுக்குள் இரண்டு வெள்ளரித் துண்டு கிடைக்கும்.

போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், மதுபானம் விற்பதில்லை. குடிக்கிற கூட்டத்தோடு போக வேண்டியிருந்தால் அந்த நாளைத் தெரிவுசெய்வது காசுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

அடுத்தது காசு. விலையைக் கேட்கும்போது "நெட்டா, வரி வேறயா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒருவருக்கு 8,000 ரூபாய் என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதன் மேல் 10% சேர்விஸ் சார்ஜ் வரும். அதற்கும் மேல் வற் (பெறுமதி சேர் வரி) வரும். அது 2024 ஜனவரியிலிருந்து 18%. சின்ன வரிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலே 10,384 ரூபாய். 8,000 என்று நினைத்துப் போய்ப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டியவனுக்கு மேசையில் என்ன தோன்றும்? "கட்டின காசுக்காவது சாப்பிட வேண்டும்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முழுத் தொகையையும் முதலே தெரிந்துகொண்டு, அந்தக் காசு போனதாகவே நினைத்துக்கொண்டு போங்கள். இரண்டு தட்டுச் சாப்பிட்டாலும் ஐந்து தட்டுச் சாப்பிட்டாலும் பில் ஒன்றுதான். கூடச் சாப்பிட்டதற்காக ஒரு சதமும் திரும்பி வராது.

வங்கி அட்டைக் கழிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் பாதிப் பேர் பஃபேக்குப் போவதே கடனட்டைக் கழிவுக்காகத்தான். "ஒன்றுக்கு ஒன்று இலவசம்" என்பதை விட "25% கழிவு" உங்களுக்கு நல்லது. முதலாவதில், தனியாகப் போகிறவர்கூட ஒரு துணையைத் தேடிப் பிடித்து, வராத செலவை வரவழைத்துக்கொண்டு போவார். அதோடு அதில் இரண்டாவது தட்டு இலவசம் என்ற மயக்கமும் இருக்கிறது. கழிவு எந்த நாட்களுக்கு, எந்த வேளைக்கு, ஆகக் கூடியது எத்தனை பேருக்கு, முன்பதிவு செய்யும்போதே அட்டையின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்ற நாலையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பர் கடைசிக் கிழமை, காதலர் தினம், அன்னையர் தினம் போன்றவற்றில் கழிவு பெரும்பாலும் செல்லாது.

2. பையில் இருக்க வேண்டியவை

கழிவு தருகிற அட்டை கையில் இருக்க வேண்டும், படம் எடுத்து வைத்தது உதவாது. முன்பதிவு இலக்கம் அல்லது அந்தக் குறுஞ்செய்தி வேண்டும். பரிசாகக் கிடைத்த வவுச்சர் என்றால் அசல் தாள். ஒருமுறை வவுச்சரை அலுவலக லாச்சியில் விட்டுவிட்டுப் போய், போட்டோவைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்து, கடைசியில் முழுக் காசும் கட்டினேன். வெறுப்பில் அன்றைக்கும் மூன்று தட்டு. வவுச்சர் முடியும் திகதியையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளுக்குப் பல இடங்களில் வயதைப் பொறுத்துப் பாதிக் கட்டணம். எத்தனை வயது வரை என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோவது நல்லது. இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் "இரவு நிறையச் சாப்பிடப் போகிறேனே" என்று பகலில் பட்டினி கிடக்கவே கூடாது. சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். முதலே கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உடுப்பு விஷயமும் இதில்தான் வரும். இறுக்கமான பெல்ட்டோ அளவான சட்டையோ போடுங்கள். நாங்கள் விருந்துக்கென்று தொளதொள உடுப்புத் தேடுவோம், அது தப்பு. பெல்ட் சொல்லுகிறதை மூளை பிந்தித்தான் சொல்லும்.

3. அன்றைக்குப் பட்டினி கிடக்காதீர்கள்

என் முதல் பிழை இதுதான், பத்தில் எட்டுப் பேர் செய்கிற பிழையும் இதுவாகத்தான் இருக்கும். இரவு பஃபே என்றால் காலையில் வழக்கமான சாப்பாடு. என்னுடைய காலைச் சாப்பாடு இரண்டு முட்டை, ஒரு துண்டு பாண், பப்பாசிப்பழம். மதியம் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டுங்கள். பிறகு, இதை மறக்காதீர்கள், வீட்டிலிருந்து அல்லது அலுவலகத்திலிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் ஒரு கோப்பைத் தயிர் அல்லது ஒரு கைப்பிடி அவித்த கடலை. சீனி போடாத தயிர்.

பசியோடு போகிறவன் கண்ணால் சாப்பிடுவான். கொழும்பு வாகன நெரிசலையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போக மாலை ஆறு மணிக்கு ஓட்டோவில் ஏறினால் காலி வீதியில் முக்கால் மணி நேரமும் போகலாம். ஏழரைக்குச் சாப்பாடு என்று அழைத்தவர்கள் பேச்சு, பரிசு, பாட்டு எல்லாம் முடித்து மூடியைத் திறக்க எட்டரை ஆகும். அந்த இடைவெளியில் வருகிற பொரித்த பைட்தான் (கொறிக்கிற சின்னச் சாப்பாடு) வெறும் வயிற்றுக்காரனைக் கவிழ்ப்பது.

4. தட்டைத் தொடாமல் ஒரு சுற்று நடங்கள்

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பார்கள். பஃபேயில் பந்திக்கும் பிந்துங்கள். எல்லாரும் வரிசையில் நிற்கும்போது வெறுங்கையோடு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, மூடிகளைத் திறந்து திறந்து பாருங்கள். ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், எல்லாருக்கும் தங்கள் தட்டைப் பற்றித்தான் கவலை.

சுற்றும்போது கவனித்தால் ஒன்று தெரியும்: பாண், பட்டர், சூப், ஃபிரைட் ரைஸ், நூடில்ஸ் எல்லாம் முன்னால் இருக்கும். இறாலும் கணவாயும் மீனும் கடைசியில் இருக்கும். அங்கே போய்ச் சேரும்போது தட்டில் இடம் இருக்காது. ஆகவே வரிசையின் கடைசியிலிருந்து யோசித்து வாருங்கள். வேறெங்கும் கிடைக்காத மூன்று சாமானைத் தெரிவுசெய்யுங்கள். நெத்தலிப் பொரியலும் பருப்பும் நாளைக்கும் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கும். எனக்கு எப்போதும் அந்த மூன்றில் ஒன்று அம்புல் தியல் என்கிற புளி மீன் கறி, மற்ற இரண்டும் அந்த இடத்தைப் பொறுத்தது.

இருக்கையும் இதோடு சேர்ந்த விஷயம். சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி உட்காராதீர்கள். முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும், எழும்பிப் போக நாலு பேரை விலக்க வேண்டிய மூலையாக இருந்தால் இன்னும் நல்லது.

5. முதல் தட்டு

பெரிய தட்டை வைத்துவிட்டு, சலாது மேசையில் அடுக்கியிருக்கும் சின்னத் தட்டை எடுங்கள். அதைக் கண்ணால் நாலாய்ப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு மரக்கறி, ஒரு பங்கு மீன் அல்லது இறைச்சி அல்லது முட்டை, ஒரு பங்கு சோறோ இடியப்பமோ. நீரிழிவு கிளினிக்குகளில் காட்டுகிற அதே தட்டுதான்.

சொல்ல லேசு. மரக்கறி என்ற பெயரில் மேசையில் இருப்பதெல்லாம் மரக்கறியா என்பதுதான் சிக்கல். கத்தரிக்காய் மொஜுவைப் பாருங்கள். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, பிறகு வினாகிரியும் சீனியும் சேர்த்துப் பிரட்டியது. கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். கஜூ (முந்திரிப் பருப்பு) கறி மரக்கறிப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அது கொழுப்பும் தேங்காய்ப்பாலும். பொலஸ் எனப்படும் பிஞ்சுப் பலாக்காய்க் கறி பரவாயில்லை, துண்டை எடுத்துக் குழம்பை விட்டுவிடுங்கள். மயோனெய்ஸ் ஊற்றிப் பிரட்டிய சலாதுகளையும் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறதே என்று அள்ளாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி மயோனெய்ஸ் 90 கலோரிக்கு மேல் வரும், அந்தச் சலாதில் எத்தனை கரண்டி என்று ஆருக்குத் தெரியும்.

நம்பி எடுக்கக்கூடியவை வல்லாரைச் சம்பல், கங்குன் கீரை, கீரை வறை, பீட்ரூட், போஞ்சி, புடலங்காய், வெள்ளரி, தக்காளி. மல்லுங் என்று சிங்களத்தில் எழுதியிருப்பது எங்கள் வறைதான். தேங்காய்ப்பூ கொஞ்சம் இருக்கும், கவலை வேண்டாம். பச்சைச் சாமான் பக்கத்தில் தேசிக்காய்த் துண்டு வைத்திருப்பார்கள், அதைப் பிழிந்துவிட்டால் மேலே வேறொன்றும் ஊற்றத் தேவையில்லை.

மீனில் அம்புல் தியலை விட நல்ல தெரிவு கொழும்பு மேசையில் இல்லை என்பேன். கொறக்காப் புளியும் மிளகும் சேர்த்து வற்றக் காய்ச்சிய தடித்த மீன் துண்டு. தேங்காய்ப்பாலும் இல்லை, எண்ணெயும் பேருக்குத்தான். கறுப்பாய் வறண்டு கிடப்பதால் புதிதாக வருகிறவர்கள் அதைத் தாண்டிப்போய் டெவல் பாத்திரத்தில் நிற்பார்கள்.

டெவல் பற்றி ஒரு விஷயம். கோழி டெவல் இருக்கிற பாத்திரத்தின் ஓரத்தை ஒருநாள் நின்று பாருங்கள். செம்மஞ்சள் நிற எண்ணெய் விளிம்பில் வளையமாகக் கட்டி நிற்கும். கோழியை மாவில் பிரட்டிப் பொரித்து, பிறகு தக்காளிச் சோஸும் சீனியும் சேர்த்து இன்னொருமுறை வதக்குகிறார்கள். அதை விடவே முடியாது என்றால் (என்னால் முடியாது) அகப்பையைப் பாத்திரத்தின் அடியில் விடாமல் மேலாக இரண்டு துண்டைத் தூக்கி, விளிம்போடு சாய்த்துப் பத்து வினாடி பிடியுங்கள். வடிகிற எண்ணெயைப் பார்த்தால் அடுத்த முறை உங்களுக்கே கை போகாது. இறைச்சிக் கறியிலும் இதே வேலை. துண்டு உங்களுக்கு, குழம்பு பாத்திரத்துக்கு. கட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 200 கலோரி அளவில் இருக்கும். குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் அது கணக்கில் தெரியாமலே உள்ளே போய்விடும்.

சோற்றுக்கு வருவோம். அவித்த சோறு ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவுக்கு 200 கலோரி. சிவப்பரிசிச் சோறு இருந்தால் அது, இல்லாவிட்டால் வெள்ளைச் சோறு. ஃபிரைட் ரைஸ், நெய்ச்சோறு, புரியாணி என்று ஆசைப்பட்டால் மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள், மூன்றும் வேண்டாம். "மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்று தொடங்கினால் மூன்று கோப்பையில் வந்து நிற்கும். அது ஃபிரைட் ரைஸ்தானா, எண்ணெயா என்று சந்தேகம் வந்தால் சாப்பிட்டு முடித்த தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பப்படம், மோர் மிளகாய், பொரித்த நெத்தலி எல்லாம் பக்கத்துணைதானே என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு பப்படம் எடுங்கள். ஒன்று.

6. இரண்டாவது தட்டுக்கு முன் இருபது நிமிடம்

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிடம் எடுக்கும். முதல் தட்டு முடிந்ததும் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள், வெளியே போய்க் காற்று வாங்குங்கள். இருபது நிமிடம் கழித்தும் பசி இருந்தால் தாராளமாகப் போங்கள். போகும்போது புதுச் சின்னத் தட்டு.

இரண்டாவது தட்டை நான் ஆள் நின்று சமைத்துத் தருகிற இடத்துக்கு வைத்திருப்பேன். அப்பம், கொத்து, பாஸ்டா, வாட்டிய மீன் எல்லாம் அங்கேதான். அங்கே கேட்டு வாங்கலாம். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் பலர் சிங்களம் சரளமாக வராததால் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்று சொல் போதும். "தெல் அடுவென்" என்றால் எண்ணெய் குறைவாக. "டிக்கக்" என்றால் கொஞ்சம். "எப்பா" என்றால் வேண்டாம். கொத்துக்காரரிடம் ரொட்டியைப் பாதியாக்கி மரக்கறியையும் முட்டையையும் கூட்டச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார். வேலை செய்பவர்களில் தமிழ் தெரிந்தவர்களும் நிறைய. பெயர்ப் பட்டியைப் பார்த்து "தம்பி, எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்றால் முகம் மலர்ந்து, கூட ஒரு முட்டையும் போட்டுத் தருவார்.

அப்பம் சுடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனிச் சுகம். ஒரு அகப்பை மாவை விட்டுத் தாச்சியை ஒரு சுழற்று, ஓரம் மெல்லிசாய் ஏறி ஒட்டும். மூடியைப் போட்டு, பிறகு ஓரத்தைக் கிளப்பினால் சரக்கென்று கழன்று வரும். அந்தக் கண்ணாடி மாதிரி ஓரத்துக்காகவே ஆட்கள் நாலு அப்பம் சாப்பிடுவார்கள். முட்டையப்பம் ஒன்று, கட்டசம்பலோடு. பாலப்பம் வேண்டாம், அதன் நடுவில் இருப்பது தேங்காய்ப்பால்.

மூன்றாவது தட்டு கிடையாது. இதற்கு விளக்கம் எழுதினால் நானே விதிவிலக்குக் கண்டுபிடித்துவிடுவேன்.

7. குடிப்பவை

தண்ணீர் அல்லது சீனி போடாத பிளேன்டீ. குளிர்பானப் போத்தலில் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் அது 2016இல் வந்தது. 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பஃபேயில் கிளாஸில் ஊற்றித் தருவதால் அந்த வட்டம் கண்ணில் படாது. வரவேற்பு பானமாக வருகிற கலர்த் தண்ணீரும் அதே ரகம்தான். "பழச்சாறு" என்பதிலும் சீனிப்பாணி கலந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

குடிக்கிறவர்களுக்கு: 50 மில்லி சாராயம் ஏறத்தாழ 100 கலோரி. சாராயம் தனியாக வருவதில்லை, கூடவே சோடாவையும் டெவல் கஜூவையும் அழைத்து வரும்.

8. இனிப்பு மேசை

இனிப்பே வேண்டாம் என்று சபதம் எடுத்துப் போன நாட்களில் வீடு திரும்பும் வழியில் கடையில் இறங்கிச் சொக்லட் வாங்கியிருக்கிறேன். ஆகவே ஒன்று எடுங்கள். உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக, மெதுவாக.

எதை எடுப்பது? கேக்கும் கிறீமும் எந்தப் பேக்கரியிலும் கிடைக்கும். நல்ல வட்டிலப்பம் எங்கும் கிடைக்காது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும்தான், லேசான சாமான் இல்லை, ஆனாலும் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு போதுமான சந்தோஷம் தரும். தயிரும் கித்துள் பாணியும் இருந்தால் தயிரை நிறைய எடுத்துப் பாணியை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். பாணி இருக்கிற குவளையின் வாய் அகலமாக இருக்கும், சரித்தால் கொட்டும். கரண்டியால் எடுத்து விடுங்கள். பழத் தட்டில் பப்பாசியும் வத்தகப்பழமும் அன்னாசியும் எவ்வளவும் எடுக்கலாம். டின்னில் அடைத்த, பாணியில் ஊறிய பழச் சலாது வேறு, அதை இதோடு குழப்பாதீர்கள். பிஸ்கட் புடிங்கைக் கண்டால் என்னைப் போல் பக்கத்து வரிசையில் நடந்துவிடுங்கள்.

9. மாமிமாரும் மேலதிகாரிகளும்

எண்ணெயை விடப் பெரிய சவால் மனிதர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் மதியச் சாப்பாடு இப்போது பெரும்பாலும் பஃபேதான். சைவச் சாப்பாடு என்பதால் பயமில்லை என்று நினைத்துப் போவோம். வடை, அப்பளம், பாயாசம், பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, நெய் மிதக்கும் பருப்பு. கோழியே இல்லாமல் பஃபே கணக்கைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு ஒரு மாமி வந்து நிற்பார்.

"என்ன பிள்ளை, குருவி கொத்தின மாதிரி? சுகமில்லையோ?"

"இல்லை மாமி, இது இரண்டாம் தரம்."

இந்தப் பதில் இதுவரை தோற்றதில்லை. "எடை குறைக்கிறேன்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். உடனே நாலு பேர் கூடி, அவரவர் வைத்தியத்தைச் சொல்லி, கடைசியில் "இண்டைக்கு ஒரு நாள்தானே" என்று உங்கள் தட்டில் வடையையும் வைத்துவிடுவார்கள். தட்டில் எப்போதும் கொஞ்சம் சாப்பாடு இருக்கட்டும். வெறும் தட்டைக் கண்டால்தான் பரிமாறத் தோன்றும். பாயாசத்தை மறுக்க முடியாத இடத்தில் வாங்கி, இரண்டு மிடறு குடித்து, கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு மணமக்களை வாழ்த்தப் போங்கள்.

அலுவலக விருந்தில் மேலதிகாரி "எடு எடு, கம்பனிக் காசு" என்பார். சரி சேர் என்று எழும்பிப் போய் ஒரு தட்டுப் பழத்தோடு வாருங்கள். நீங்கள் எழும்பிப் போனதுதான் அவர் கண்ணில் நிற்கும்.

விட்டுவிட்டு வந்தால் வீணாகிறதே என்ற குற்றவுணர்ச்சி எங்களுக்கு இருக்கிறது. பட்டினியும் இடம்பெயர்வும் பார்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சோற்றை மிச்சம் விடுவது லேசாக வராது, எனக்கும் வராது. அதற்கு ஒரே வழி, எடுக்கும்போதே குறைத்து எடுப்பது. பஃபேயில் மிச்சத்தைப் பார்சல் கட்டித் தர மாட்டார்கள், கேட்டுப் பார்க்காதீர்கள்.

10. அடுத்த மூன்று நாள்

காலி முகத்திடல் பக்கம் சாப்பிட்டால் முடிந்ததும் அரை மணி நேரம் கடலோரமாக நடங்கள். இறால் வடை வண்டிகள் இருக்கிற பக்கமாகப் போகாமல் கடல் பக்கமாகவே நடப்பது நல்லது. சிரிக்காதீர்கள், ஒருநாள் எனக்கு நடந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு மரைன் டிரைவ் என்கிற கடலோர வீதி இருக்கிறது.

மறுநாள் காலை தராசில் ஏறாதீர்கள். ஏறியே தீர்வேன் என்றால் அந்த இலக்கத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். எனக்குக் கூடிய 2.3 கிலோவும் கொழுப்பு என்றால் ஒரே இரவில் 17,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும், அது சாதாரண மனிதனால் ஆகாது. அதில் பெரும் பங்கு உப்பு பிடித்து வைத்த தண்ணீர், மாச்சத்தோடு தசையில் தங்குகிற தண்ணீர், இன்னும் வயிற்றை விட்டுப் போகாத சாப்பாடு. இது தெரியாமல்தான் அந்த டிசம்பரில் மூன்று கிழமையைத் தொலைத்தேன்.

மறுநாள் பட்டினியும் வேண்டாம், கஞ்சி மட்டும் என்ற தண்டனையும் வேண்டாம். வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான மதியச் சாப்பாடு, தண்ணீர் கொஞ்சம் கூட, ஊறுகாயும் கருவாடும் இரண்டு நாளைக்குக் குறைவாக. நாலாம் நாள் காலை, எழும்பியதும், ஒன்றும் குடிக்க முன்னர் ஏறிப் பாருங்கள். போன மாதம் அலுவலகத்தில் ஒருவருடைய பிரியாவிடைக்குப் பஃபே போனோம். வெள்ளி இரவு. சனி காலை 1.6 கிலோ கூட இருந்தது. செவ்வாய் காலை 0.2 கிலோ மட்டும் கூட. அடுத்த சனிக்கிழமை, பஃபேக்குப் போக முன்னர் இருந்த எடையிலிருந்து 300 கிராம் குறைவு. அன்றைக்கு நான் சாப்பிட்டது இரண்டு சின்னத் தட்டு, ஒரு முட்டையப்பம், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வட்டிலப்பத் துண்டு.